ஐந்தாம் பக்கத்து இங்கிலீஷ்

ஜூன் 4

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். அம்மா தன் நலத்தை வாய்விட்டு ஒப்புக்கொள்ள மாட்டாள். நேற்று என்னைத் திட்டிய சத்தத்தை வைத்துப் பார்த்தால் நுரையீரல் நன்றாக இருக்கிறது. உன் நலம்தான் தெரியவில்லை. போனில் நான் பத்து வாக்கியம் பேசினால் நீ பத்து ‘ம்’ போடுகிறாய். கடிதத்தில் ‘ம்’ போட்டு அனுப்ப முடியாதல்லவா, அதனால்தான் தபால்காரரைத் தொந்தரவு செய்கிறேன்.

செய்தி இதுதான்: உன் அப்பன் இங்கிலீஷ் படிக்கிறான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும், அர்த்தம்தான் கிட்டே வராது. குடோன் ஆபீஸுக்கு வரும் இங்கிலீஷ் பேப்பரை மறுநாள் எடுத்துக்கொள்ள மேனேஜரிடம் அனுமதி வாங்கினேன். நான் ஓட்டும் லிஃப்டின் கதவைத் துடைக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். முதலில் விளையாட்டுப் பக்கத்தில் ஆரம்பித்தேன். அங்கே தினமும் ஒருத்தன் ஒரு புது வார்த்தையில் தோற்கிறான், எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஐந்தாம் பக்கத்தில் கோர்ட் செய்தி வருகிறதே, அதுதான் என் மண்டைக்குப் பொருத்தம். ஆள் மாறுவான், குற்றம் மாறும், வார்த்தை மாறாது. ‘அக்யூஸ்ட்’, ‘அலெஜ்ட்’, ‘அட்ஜர்ன்ட்’ மூன்று பேரும் இப்போது எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. குழாய் ரிப்பேர் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டால் அட்ஜர்ன்ட், ஒத்திவைப்பு, என்கிறேன். டப்பாவில் சர்க்கரை குறைந்த விவகாரத்தில் நான் வெறும் அலெஜ்ட், பேச்சுதான் உண்டு, நிரூபணம் கிடையாது.

அகராதி பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் ‘ஆர்’ வரைக்கும்தான் இருக்கிறது. ‘எஸ்’ஸிலிருந்து கடைசி வரை எலி படித்துவிட்டது. ஆகவே அந்தக் கால்வாசி உன் பொறுப்பு. இந்த வாரப் பட்டியல்: விட்னஸ், ஸ்வோர்ன், டெஸ்டிமனி.

இந்த வயதில் என்ன அவசரம் என்று கேட்பாய். சம்மன் வந்திருக்கிறது. ஆகஸ்ட் இருபதாம் தேதி நான் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டும். விசிலுடைய கேஸ்.

விசில் அடித்துக்கொண்டே மூட்டை தூக்குவானே, அவன்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன் நம் சரக்கு லிஃப்டில் வலது கை விரல் நாலைப் பறிகொடுத்தவன். கேட் திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது. அதற்கென்று கேட்டில் ஒரு சுவிட்ச் உண்டு. அது அடிக்கடி மக்கர் செய்தது. “சீசன் முடியட்டும், இப்போதைக்கு ஒரு ஒயரைப் போட்டு ஓட்டு” என்றார் மேனேஜர். சுவிட்சைத் தாண்டி ஒயர் போட்டவன் நான்தான். அதை உன்னிடம்கூட ‘லிஃப்டுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன்’ என்று போனில் சொல்லிச் சிரித்தேன். பதினொன்றாம் நாள், திறந்த கேட்டோடு லிஃப்ட் ஏறியது.

இதையெல்லாம் அப்போதே கம்பெனி வக்கீலுடைய குமாஸ்தாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் இங்கிலீஷில் நாலு பக்கம் அடித்துக்கொண்டு வந்தார். எனக்குப் படிக்க வராது என்றதும் தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பினார். இருபது நிமிஷம் கழித்து நீ ‘கையெழுத்துப் போடுங்கப்பா’ என்றாய். போட்டேன்.

அப்புறம் பார்த்தால் விசிலை ‘அஜாக்கிரதை’ என்று எழுதி வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பழியை எடுக்கச் சொல்லித்தான் இப்போது அவன் கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். நான் உள்ளதைச் சொல்லியும் பழி அவன் தலையில் எப்படி விழுந்தது? ஒன்றரை வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தது என் சாமர்த்தியம். போன வாரம் குமாஸ்தா அந்த நாலு பக்கத்துக்கு நகல் கொடுத்து, “அண்ணே, எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லிட்டு இறங்கிடுங்க” என்றார். ஆமாம் என்பதற்கு முன்னால் எதற்கு ஆமாம் என்று தெரிந்துகொள்ளலாமே என்று ஒரு சின்ன ஆசை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
(அலெஜ்ட்) மாணவன்


ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை பஸ்ஸில் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து ஸீட் அம்மாள் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

விட்னஸ் என்றால் சாட்சி. ஸ்வோர்ன், சத்தியம் செய்து சொன்னது. டெஸ்டிமனி, சாட்சி சொல்லும் சொல்.

படிப்பது நல்லதுதான். ஆனால் அந்த நாலு பக்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள் அப்பா. அது வக்கீல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை. இன்சூரன்ஸ் ஆபீஸில் நாள் முழுக்க அதைத்தான் படிக்கிறேன், எனக்கே பாதி விளங்காது. குமாஸ்தா சொன்னபடி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கோர்ட் செய்திக்குப் பதிலாக வானிலைச் செய்தி படியுங்களேன். மழை, காற்று, வெயில் எல்லாம் தினமும் உதவும் வார்த்தைகள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. தூக்கம்தான் சரியாக இல்லை. இந்த ஊர்க் கட்டில் சத்தம் போடுகிறது.

அம்மாவைச் சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைக்கச் சொல்லவும்.

உங்கள் சின்னக்குட்டி


ஜூன் 27

அன்பு மகளுக்கு,

உன் பேச்சைக் கேட்டு வானிலை படித்தேன். மழை என்று போட்டிருந்ததை நம்பிக் குடையோடு போய், நாள் முழுக்க வெயிலில் குடையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். “என்னங்க, ஊன்றுகோலா?” என்று வாட்ச்மேன் கேட்டான். கோர்ட் செய்தியில் இந்த ஆபத்து இல்லை. அது நடந்ததைச் சொல்கிறது.

நாலு பக்கத்தில் முதல் பக்கம் முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டை மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, உள்ளே ஸ்டூல் போட்டுப் படிக்கிறேன். யாராவது மணி அடித்தால் “மோட்டார் சூடாயிருக்கு!” என்று கத்துகிறேன். முதல் பக்கத்தில் என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. பத்தொன்பது வருஷ அனுபவமாம், பொறுப்பானவனாம், நம்பகமானவனாம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “இது வேற யாரோ” என்றாள்.

இரண்டாம் பக்கம் என்னை விட மாட்டேன் என்கிறது. ஒரு வாக்கியத்தில் நாலு வார்த்தைக்கு மேல் ‘எஸ்’ஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. சரக்கே இல்லாமல் நாலு மாடியும் ஏறி இறங்குகிறேன். மேனேஜர் கேட்டதற்கு ‘டெஸ்டிங்’ என்றேன்.

பட்டியல்: ஸ்டேட், வார்ன்ட், அன்ஃபார்ச்சுனேட், ட்வைஸ், வொர்க்மேன். சீக்கிரம் அனுப்பு.

கட்டில் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வை. சத்தம் நிற்கும்.

அப்பா


ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

அட்டை வைத்தேன். நின்றுவிட்டது.

ஸ்டேட் என்றால், சொல்கிறேன் என்று அர்த்தம். அன்ஃபார்ச்சுனேட், துரதிர்ஷ்டவசமான. வொர்க்மேன், தொழிலாளி.

அப்பா, நான் ஒன்று யோசித்தேன். நீங்களும் அம்மாவும் ஆகஸ்டில் இங்கே வந்து மூன்று மாதம் இருங்களேன். உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் சாட்சிக்குப் போகாமல் இருக்கலாமாம். இங்கே கேட்டுப் பார்த்தேன். என் அறை சின்னதுதான், ஆனால் ஜன்னலைத் திறந்தால் பெரிய மரம். அம்மாவுக்குப் பிடிக்கும். யோசித்துச் சொல்லுங்கள். யோசிக்காமல் சரி என்று சொன்னால் இன்னும் நல்லது.

சின்னக்குட்டி


ஜூலை 20

அன்பு மகளுக்கு,

ஐந்து அனுப்பினேன், மூன்று வந்தது. முதலில் தபால்காரரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். நீ மறக்கிறவள் இல்லை. சின்ன வயதில் நான் வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிளைப் பற்றி ஏழு வருஷம் கேட்டவள்.

ட்வைஸ் எனக்கு மருந்துக் கடையில் கிடைத்தது. அம்மாவின் மாத்திரைச் சீட்டில் அதே எழுத்து. கடைப் பெண்ணிடம் கேட்டேன். “ரெண்டு தடவைங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு” என்றது. வார்ன்ட் கிடைத்த கதையைச் சொன்னால் நீ சிரிப்பாய். லிஃப்ட் கேட்டுக்கு மேலே மண்டையோடு வரைந்த பலகை இருக்கிறது. மண்டையோட்டுக்கு மேலே இங்கிலீஷில் ‘வார்னிங்’, கீழே ‘எச்சரிக்கை’. பத்தொன்பது வருஷமாக அதன் கீழேயே நின்றிருக்கிறேன், மண்டையோட்டைத் தவிர எதையும் படித்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை படித்தேன்.

வாக்கியம் இதுதான். ‘துரதிர்ஷ்டவசமான அந்தக் காலையில் அந்தத் தொழிலாளியை நான் இரண்டு முறை எச்சரித்தேன் என்று சொல்கிறேன்.’ அடுத்தது, ‘கேட் சுவிட்ச் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது.’ அதற்குப் பிறகு ஒயர் வரும், ஒயர் வரும் என்று கடைசிப் பக்கம் வரை விரலை வைத்துத் தேடினேன். இல்லை. நான் சொன்னதில் என் பெயரும் வயதும் அனுபவமும் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நேராக விசில் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமல்தான் போனேன். அவன் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பாதியில் விட்டுவிட்டு, “வாங்கண்ணே” என்று நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டான். அவன் மனைவி வெளியே வரவில்லை. உள்ளே பாத்திரம் மட்டும் பேசியது.

நான் லிஃப்டைப் பற்றி ஆரம்பித்தேன். அவன் முந்திக்கொண்டான். “அண்ணே, நீங்க அன்னைக்கு ரெண்டு தடவ சொன்னீங்களாமே, ஜாக்கிரதைன்னு. வேலைய விட்டு அனுப்புறப்பவே சொன்னாங்க, எங்க வக்கீலும் படிச்சுக் காட்டினாரு. எனக்கு ஞாபகமே இல்லண்ணே. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். வலியில மண்டை குழம்பிப் போச்சு போல. நீங்க சொல்லாம எழுதியிருக்க மாட்டீங்கல்ல?”

உள்ளேயிருந்து அவன் மனைவி, “அவரு சொல்லியிருந்தா நீ ஏன் கையை நீட்டுன? அதைக் கேளு” என்றாள்.

“நான்தான் மறந்துட்டேன்னு சொல்றேன்ல!” என்று அவன் அவளை அதட்டினான். எனக்காக அதட்டினான்.

நான் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். உன் அப்பனின் வீரம் அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷமாக ஒருத்தன் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கிறான். விரல் போனது ஒயரால். இது போனது என் கையெழுத்தால்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு நீ இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாய். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு குமாஸ்தாவின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியும். அந்த இருபது நிமிஷத்தில் இரண்டாம் பக்கம் வரை வந்தாயா?

அப்பா


ஜூலை 31

அப்பா,

வந்தேன். நாலு பக்கமும் படித்தேன். இரண்டு தடவை.

ஒயரைப் பற்றி எனக்குத் தெரியும். நீங்கள்தானே சொன்னீர்கள். அந்தப் பேப்பரில் ஒயர் இல்லை என்றதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். ஒயர் இருந்தால் போலீஸ் முதலில் தேடுவது மேனேஜரையா, போட்ட உங்களையா? எங்கள் ஆபீஸுக்கு வரும் ஃபைல்களில் பார்த்திருக்கிறேன், எப்போதும் ஸ்பேனர் பிடித்த கைதான் மாட்டும். விசில் அண்ணனை நினைக்காமல் இல்லை. நினைத்தேன். அதற்குத்தான் இருபது நிமிஷம். பிறகு உங்களை நினைத்தேன்.

அதிலிருந்து நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் அவர் பேச்சு வந்துவிடுமோ என்று ‘ம்’ போட்டே காலம் ஓட்டினேன். வார்ன்ட், ட்வைஸ் இரண்டுக்கும் அர்த்தம் எழுதி, அடித்து, அவை இல்லாமல் வேறு தாளில் எழுதினேன்.

கெஞ்சிக் கேட்கிறேன் அப்பா. ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். நான் செய்தது தப்பு. அதற்காக நீங்கள் உள்ளே போக வேண்டாம். அம்மா தனியாக என்ன செய்வாள்?

எட்டு முறை கூப்பிட்டேன். ஏன் எடுக்கவில்லை?

சின்னக்குட்டி


ஆகஸ்ட் 10

மகளுக்கு,

எடுக்கவில்லை, ஏனென்றால் எடுத்தால் கத்தியிருப்பேன். கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

எனக்குப் படிக்கத் தெரியாதது ஒரு குறை. அதை நான் வெட்கப்படாமல் உன்னிடம் கொடுத்தேன். கண் தெரியாதவன் கையை நீட்டுகிற மாதிரி. நீ என்னைப் பத்திரமான இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தினாய். ஆனால் எங்கே நிற்கிறேன் என்று எனக்குச் சொல்லவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஒயரைப் போடுறப்பவே கை நடுங்கியிருக்கணும். இப்ப நடுங்கி என்ன?” என்றாள். அப்புறம், “அவளைத் திட்டி எழுதாதீங்க” என்றாள். திட்டவில்லை. இவ்வளவுதான் எழுத வருகிறது.

அப்பா


ஆகஸ்ட் 23

அன்பு மகளுக்கு,

கூண்டு நான் நினைத்ததைவிடச் சின்னது. நம் லிஃப்ட் அளவுகூட இல்லை, ஆனால் இறங்குவதற்கு மாடி கிடையாது.

கம்பெனி வக்கீல் சிரித்த முகமாக ஆரம்பித்தார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“இதுல இருக்கிறதெல்லாம் நீங்க சொன்னதுதானே?”

“முதல் பக்கம் மட்டும் நான் சொன்னதுங்க.”

சிரிப்பு போய்விட்டது. “உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“கோர்ட் நியூஸ் அளவுக்குத் தெரியுங்க.”

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. மீதியை என் பாஷையிலேயே சொல்லச் சொன்னார். சுவிட்ச், சீசன், மேனேஜர், எல்லாம் சொன்னேன். “ஒயரை யார் போட்டது?” என்று கேட்டார். “நான்தாங்க ஐயா” என்றேன். எச்சரித்தீர்களா என்று கேட்டார். “இல்லீங்க. ஒரு தடவைகூட இல்ல” என்றேன். அப்போதுதான் விசில் தலையைத் தூக்கிப் பார்த்தான். கோபமாகப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்து நெற்றியைத் தொட்டுக் காட்டினான், ‘பாத்தியா, இது சரியாத்தான் இருந்திருக்கு’ என்கிற மாதிரி.

அதோடு இறங்கியிருந்தால் இந்தக் கடிதம் இங்கே முடிந்திருக்கும். வக்கீல் விடவில்லை. “உங்க பொண்ணு இங்கிலீஷ் படிச்சவங்க. அவங்க படிச்சுப் பாத்து சரின்னு சொன்ன பிறகுதானே கையெழுத்துப் போட்டீங்க? அப்ப சரியா இருந்தது இப்ப எப்படித் தப்பாச்சு?”

உள்ளதைச் சொல்லத்தான் அங்கே ஏறினேன். சத்தியமும் செய்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு ஒன்று வந்தது. “படம் அவளுக்குப் போச்சுங்க. அவ வேலையில இருந்தா, படிக்கல. நான்தான் அவசரப்படுத்தினேன். போடுங்கப்பான்னுட்டா.”

ஜட்ஜ் அதையும் எழுதிக்கொண்டார். அவர் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யோசிக்க எனக்கு இருபது நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. உன்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது என்னவென்று தெரியவில்லை, இன்னும் உட்கார விடவில்லை.

செப்டம்பர் பதினெட்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கம்பெனி வக்கீல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பாராம், தேவைப்பட்டால் உன்னையும் கூப்பிடச் சொல்வாராம். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாயிற்று. ஒயருக்காக என்மேல் தனியாகக் கேஸ் வரலாம் என்று விசிலுடைய வக்கீல் சொன்னார். கம்பெனி வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அம்மா பாத்திரங்களைக் கட்டுகிறாள், ஒவ்வொன்றாகக் கட்டி, சமைப்பதற்கு ஒவ்வொன்றாக அவிழ்க்கிறாள். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பதினெட்டாம் தேதி எனக்குத் தனியாக முடிவு செய்யத் தெரியவில்லை. படிக்கவில்லை என்றே நின்றால் நீ பிழைப்பாய், நான் மறுபடியும் ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டவன் ஆவேன். படித்தாள் என்று சொன்னால் என் வாயாலேயே உன்னைக் கொண்டுவந்து கூண்டில் ஏற்றுவேன். என்ன சொல்லட்டும்?

அப்பா


செப்டம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளும் பையிலேயே வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய் வந்தேன். மற்றவர்களின் விபத்துகளைப் படித்து மேஜை மாற்றி மேஜை அனுப்பினேன்.

பதினைந்தாம் தேதி காலை வந்து சேருவேன். விமான நிலையத்துக்கு வர வேண்டாம், வீடு மாற்றுகிற வேலையைப் பாருங்கள். புது வீட்டு முகவரியை மட்டும் மெஸேஜில் அனுப்புங்கள். வந்ததும் முதலில் விசில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் கூட வர வேண்டாம். அந்த அக்கா கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு வருகிறேன்.

லீவு விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எப்போதும் ‘சொந்த வேலை’ என்றுதான் போடுவேன். இந்த முறை ‘சாட்சி சொல்ல’ என்று எழுதினேன். மேலதிகாரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாருக்கு எதிராக என்று கேட்டார். எனக்கு எதிராக என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பயமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். அன்றைக்கு என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு உங்களை முதலில் கூப்பிடுவார்கள். என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

படித்தாள் என்று சொல்லுங்கள் அப்பா.

உங்கள்
சின்னக்குட்டி